சுண்டு விரலுக்கு இடமில்லாத கத்தி

அத்தியாயம் 9

எல்டன் ஸ்ட்ராண்ட் சாகும்போது அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு காகிதப் பைக்குள் அடங்கிவிட்டது. உணவு விடுதியின் மூலை மேசையில் அந்தப் பையைக் கவிழ்த்தாள் வெர்னா டாலஃப்சன். தேய்ந்த பர்ஸ், டிரக் சாவி, ஒரு பக்கக் கம்பியில் டேப் சுற்றிய மூக்குக்கண்ணாடி, இரண்டு மடக்குக் கத்திகள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜோஷு எலோர்தி பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை இளஞ்சிவப்புச் சாஸில் முக்கி வாயில் போட்டுக்கொண்டான். செம்மறியாட்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். துப்பறியும் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆடுகளிடம் பேசிப் பழகியதால் எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்று அவன் எதிர்பார்ப்பதில்லை. வெர்னாவுக்கு அது சௌகரியமாக இருந்தது. பாய்சி நகரத்தில் அவள் வீட்டில் பேச ஆள் கிடையாது. காரில் இவன் பேச்சு, வீட்டில் ரேடியோ.

"ஒரு ஆளுக்கு எதுக்கு பாஸ் ரெண்டு கத்தி? ஒண்ணு வெண்ணெய்க்கு, ஒண்ணு ஜாமுக்கா?" என்றான்.

வெர்னா சிரிக்கவில்லை. அவளுக்கும் அந்தக் கேள்விதான் உறுத்திக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மார்ச் மாதம், பனி உருகத் தொடங்கிய ஒரு காலை. கோல்டர் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் தனியாக வாழ்ந்த எல்டன், பக்கத்துப் பண்ணைக்கார ஹாலிஸ் பிரென்ட்டின் வாசல்படியில் சுடப்பட்டுச் செத்தார். சுட்டது ஹாலிஸ்தான், அவரே ஷெரிஃபுக்குப் போன் செய்தார். இருவருக்கும் போன கோடையில் வாய்க்கால் தண்ணீருக்காகப் பெரிய சண்டை. 'படியேறி வந்தான். வலது கையில் கத்தி. கட்டைவிரலால் ஒரே தட்டில் திறந்துகொண்டு பாய்ந்தான். சுட்டேன்' என்பது ஹாலிஸின் வாக்குமூலம். பிணத்தின் வலது கையில் கத்தி திறந்தபடி இருந்தது. தற்காப்பு என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

மூடாதவள் எல்டனின் மகள் ஜோலீன். ஸ்போகேன் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். அப்பாவோடு பேசி ஒன்பது வருடமாகிறது. வெர்னாவைத் தேடி வந்தவள், அப்பா நல்லவர், அப்படிச் செய்திருக்கவே மாட்டார் என்றெல்லாம் சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு.

"அவர் அப்படிச் செய்யக்கூடியவரா இல்லையான்னுகூட எனக்குத் தெரியலங்க. அதைத்தான் தெரிஞ்சுக்கணும்."

காப்பீட்டுக் கம்பெனிக்காக இருபது வருடம் பொய்களைத் தோண்டியெடுத்தவள் வெர்னா. இந்த மாதிரி ஒரு வேண்டுகோளை அவள் கேட்டதில்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டாள்.

இரண்டு கத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று எல்டனின் கால்சட்டைப் பையில், கிளிப் மாட்டியபடி இருந்தது. பழையது, சாம்பல் நிற டைட்டானியப் பிடி, பையில் உரசி உரசி வழவழத்துப் போயிருந்தது. மற்றது கையில் இருந்தது. புத்தம் புதிது, மின்சாரம் பாய்ச்சி நிறமேற்றிய ஆழ்ந்த நீலப் பிடி.

இரண்டும் ஃபிரேம் லாக் வகை. பிடியின் ஒரு பக்கத் தகடேதான் பூட்டு. தகட்டில் நீளவாக்கில் கீறி, ஒரு நாக்கு போல உள்ளே வளைத்து விட்டிருப்பார்கள். அலகு திறந்ததும் அந்த நாக்கு அதன் அடியில் போய் முட்டுக்கொடுத்து நிற்கும். மூட வேண்டுமென்றால் கட்டைவிரலால் நாக்கை ஒதுக்க வேண்டும். எல்டனுக்கு இதுதான் பிழைப்பு. நாடெங்கும் இருந்து ஆட்கள் தங்கள் கத்திகளைத் தபாலில் அனுப்புவார்கள். பிடியை மாற்றி, நாக்கின் இறுக்கத்தைச் சீராக்கி, நிறமேற்றித் திருப்பி அனுப்புவார்.

"ஜோஷு, நீ ஹாலிஸ் சொன்ன மாதிரி திற. வலது கை. ஒரே தட்டு."

பழைய கத்தி 'டக்' என்று திறந்தது. பரிமாறுகிற பெண் திரும்பிப் பார்த்தாள். ஜோஷு அசட்டுச் சிரிப்புடன் மூடினான். நீலக் கத்தியை எடுத்தான். கட்டைவிரல் தடவிக்கொண்டே இருந்தது. அலகைத் தள்ளும் குமிழ் அந்தப் பக்கம் இல்லவே இல்லை. எதிர்ப் பக்கத்தில் இருந்தது. நாக்கும் இடம் மாறியிருந்தது. கடைசியில் இரண்டு கையாலும் பிரித்துத் திறந்தான். மூடுவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

"இதை வச்சு என்னைக் கொல்ல வர்றவனுக்கு நானே உட்கார்ந்து திறந்து குடுப்பேன் பாஸ். பாவமா இருக்கும்."

வெர்னா அதை வாங்கி இடது கையில் பிடித்தாள். அவள் இடக்கைக்காரி இல்லை. ஆனாலும் கட்டைவிரல் பட்டதும் அலகு வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. இடக்கைக்காரனுக்காகவே, கண்ணாடிப் பிம்பம் போல மாற்றிச் செய்த கத்தி. ஹாலிஸ் சொன்னபடி வலது கையால் ஒரே தட்டில் இதைத் திறக்க யாராலும் முடியாது. அதோடு, தனக்கு வாகான கத்தி பையில் இருக்கும்போது வாகில்லாத கத்தியை எடுத்துக்கொண்டு எவன் கொலை செய்யப் போவான்?

இன்னொன்றும் இருந்தது. பிடியின் அடியில் விரல்களுக்காகப் பள்ளம் இழைத்திருந்தார் எல்டன். மூன்று விரல் பாந்தமாக உட்கார்ந்தது. அதோடு பிடி முடிந்துவிட்டது. அவளுடைய சுண்டு விரல் மட்டும் போக்கிடம் இல்லாமல் வெளியே தொங்கியது.

ஜோஷு அதைப் பார்த்தான். "ஒண்ணு, சுண்டு விரலைத் தூக்கிட்டு டீ குடிக்கிற சீமாட்டிக்குச் செஞ்சிருக்கணும். இல்லேன்னா சுண்டு விரலே இல்லாதவனுக்கு."

சொல்லிவிட்டு இன்னொரு இறைச்சித் துண்டை எடுத்தான். வெர்னா பில்லுக்குக் கை காட்டினாள்.

எல்டனின் பட்டறை, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. ஜோலீன் கொடுத்த சாவி சுலபமாகத் திரும்பியது. உள்ளே எண்ணெய் வாசனையும் இரும்புத் தூள் வாசனையும் இன்னும் போகவில்லை. ஓரத்தில் ஒரு மடிப்புக் கட்டில், அதன் மேல் தூங்குபையில் உடம்பு கிடந்த பள்ளம். வீட்டில் படுக்கையறை இருந்தும் மனிதர் இங்கேதான் தூங்கியிருக்கிறார். வெர்னாவுக்கு அது புரிந்தது. காலி அறைகளைக் கடந்து படுக்கப் போவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அரங்களின் மரப்பிடிகளைப் பார்த்தாள். கட்டைவிரல் தேய்த்த பள்ளம் எல்லாவற்றிலும் வலக்கைக்கு உரியதாகவே இருந்தது. ஆக, நீலக் கத்தி எல்டன் தனக்காகச் செய்துகொண்டதல்ல.

"வாடிக்கையாளர் யாரோ இடக்கைக்காரர். அவ்வளவுதானே?" என்றான் ஜோஷு.

வெர்னா மேசையைக் காட்டினாள். பாதி வேலை முடிந்த கத்திகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் தான் வந்த தபால் உறையின் மேலேயே வைக்கப்பட்டிருந்தது. எதை யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று குழம்பாமலிருக்க அவர் கண்ட வழி. ஓஹாயோ, டெக்சஸ், மெய்ன். அவர் போய்ப் பார்த்தே இராத ஊர்கள். விளக்குக்கு நேர் கீழே, மேசையின் நல்ல இடத்தில் மட்டும் ஒரு துணி விரித்துக் காலியாக இருந்தது. துணியில் சாம்பல் நிற டைட்டானியத் தூள். அங்கே உறை எதுவும் இல்லை.

குப்பைத் தகரத்தை வெர்னா கவிழ்த்தாள். கெட்டுப்போன டைட்டானியத் தகடுகள் கலகலவென்று கொட்டின. ஒன்றில் நாக்கு மெலிந்துபோயிருந்தது. ஒன்றில் கீறல் கோணியிருந்தது. ஒன்று நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை போலிருக்கிறது. எல்லாமே இடக்கைக்கு. எல்லாவற்றிலும் மூன்றே விரலுக்குப் பள்ளம்.

"கூலி வேலைக்கு இத்தனை தகட்டை யாரும் பாழாக்க மாட்டாங்க. பனிக்காலம் முழுக்க இதுலயே உட்கார்ந்திருக்காரு. அதுவும் தபால்ல வராத ஆளுக்காக," என்றாள் வெர்னா.

"தபால்ல வரலேன்னா?"

"கையில கொண்டுபோய்க் குடுக்கிற தூரத்துல இருக்கிற ஆளு."

ஜோஷு ஜன்னல் பக்கம் திரும்பினான். ஈர வயலுக்கு அப்பால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் ஒரே ஒரு கூரை. இந்தக் கோடியில் வேறு வீடே கிடையாது. 

மேசை இழுப்பறையில், அளவுகோல்களுக்கு நடுவே, அவர்களுக்குப் புதிரின் கடைசித் துண்டு கிடைத்தது. இடது கைக்கான ஒற்றைத் தோல் கையுறை. எல்டனுக்குப் பெரிதாக இருந்திருக்கும். சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டி, தடித்த நூலால் தைத்து மூடியிருந்தது.

"நான் சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன் பாஸ்," என்றான் ஜோஷு மெதுவாக.

ஹாலிஸ் பிரென்ட் கதவைத் திறந்தபோது அவர் இடது கை மேலங்கியின் மார்புப் பையில் இருந்தது. எழுபதை ஒட்டிய வயது. நல்ல உயரம். ரொம்ப நாளாக யாரோடும் பேசாத குரல். முதல் இரண்டு சொல்லும் காற்றாகத்தான் வந்தன. யார், எதற்கு வந்தார்கள் என்று வெர்னா சொன்னாள். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார். ஷெரிஃபிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்றார். அதையே மறுபடியும் சொன்னார். படி, வலது கை, கட்டைவிரல், ஒரே தட்டு. சொல் மாறாமல் அப்படியே வந்தது. மனப்பாடம் செய்த வாக்குமூலங்களை வெர்னா நிறையக் கேட்டிருக்கிறாள். உண்மையைச் சொல்பவர்களுக்கு இரண்டாம் தடவை ஏதாவது ஒன்று மறக்கும், ஏதாவது ஒன்று புதிதாக ஞாபகம் வரும்.

காப்பி தருகிறேன் என்று எழுந்தார். கெண்டியை எடுக்க மார்புப் பையிலிருந்து இடது கை வெளியே வந்தது. கட்டைவிரல். மூன்று விரல். அதற்கு அடுத்தாற்போல் வழுவழுப்பான தழும்பு.

"வைக்கோல் கட்டுற எந்திரம்," என்றார் ஹாலிஸ், ஜோஷுவின் பார்வையைக் கண்டு. "அப்போ எனக்கு முப்பது வயசு."

வெர்னா கோப்பையைத் தொடவில்லை. பையிலிருந்து நீலக் கத்தியை எடுத்து, மடக்கியபடியே மேசைமேல் வைத்தாள். ஹாலிஸ் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"அதை எடுங்க இங்கருந்து."

"ஒரு தடவை திறந்து காட்டுங்க, ஹாலிஸ். எல்டன் திறந்தார்னு சொன்னீங்களே, அதே மாதிரி. வலது கையால."

அவர் கத்தியைத் தொடவில்லை. வெர்னா குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். இந்தக் கத்தியில் வலது கட்டைவிரலுக்கு ஒன்றுமே இல்லை. எல்டனாலும் முடியாது, ஷெரிஃபாலும் முடியாது. ஆகவே இது மூடித்தான் இருந்திருக்கிறது. அவர் விழுந்த பிறகு யாரோ திறந்து அவர் கையில் வைத்திருக்கிறார்கள். அன்று காலை இந்த வாசலில் அவரைத் தவிர இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

 ஹாலிஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார். இந்தத் தடவை சொற்கள் வரிசையாக வரவில்லை. வலைக்கதவுக்கு அப்பால் எல்டன் வருவது தெரிந்ததாம். கோடையில் ஹாலிஸ்தான் எச்சரித்திருந்தார், இனி என் நிலத்தில் கால் வைத்தால் சுடுவேன் என்று. எல்டன் கையை உயர்த்தினார். கையில் நீலமாக ஏதோ மின்னியது. கைத்துப்பாக்கி என்று ஹாலிஸ் நினைத்தார். வெளியே வந்து பார்த்தால் மூடிய கத்தி. தன் கையில் தடித்த பனிக்கால உறை, இரண்டு கையாலும் நெம்பித்தான் திறக்க முடிந்தது; திறந்து எல்டனின் கையில் வைத்தார்.

"மூடின கத்தி வச்சிருந்தவனைச் சுட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். "அவன் என்னைக் குத்தத்தான் வந்தான்னு நானே நம்பிக்கிட்டேன். நம்பலேன்னா இந்த வீட்ல என்னால படுக்க முடியாது."

"இப்ப இடது கையில எடுங்க. உறை இல்லாம."

"எதுக்கு?"

"எடுங்க."

ஹாலிஸ் எடுத்தார். எடுத்த கணமே வெர்னா அவர் முகத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொள்ள விரும்பினாள், ஆனால் முடியவில்லை. மூன்று விரலும் தாமாகவே பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. தழும்பு இருந்த இடத்தோடு பிடி முடிந்தது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. கட்டைவிரல் அசைந்தது. அலகு திறந்து நின்றது. கட்டைவிரல் நாக்கை ஒதுக்கியது. அலகு மடங்கியது. வாழ்நாள் முழுக்க வலக்கைக்காரர்களுக்குச் செய்த கத்திகளோடு மல்லுக்கட்டியவர் அந்த இடக்கைக்காரர். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

வெர்னா தோல் கையுறையை மேசையில் வைத்தாள். இது எல்டனின் பட்டறையில், அளவுகோல்களோடு இருந்தது என்றாள்.

ஹாலிஸ் அதை எடுத்து, தைத்து மூடிய இடத்தைத் தடவினார். பிறகு ஒரு கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். இலையுதிர் காலத்தில் எல்லைவேலிக் கம்பியில் சிக்கிக்கொண்டது. இவர் ஒரு பக்கமிருந்து ஓடினார், எல்டன் அந்தப் பக்கமிருந்து வந்தார். சண்டைக்குப் பிறகு இருவரும் அத்தனை அருகில் நின்றது அதுதான் முதல் தடவை. கம்பியில் மாட்டிக்கொண்டு கன்றின் கழுத்தில் இறுகியிருந்த கயிற்றை ஹாலிஸ் கத்தியால் அறுத்தார். வலக்கைக்காரர்களுக்கான கத்தி. தொடையில் அழுத்தி மூடப் பார்த்ததில் உள்ளங்கை கிழிந்தது. எல்டன் தன் கைக்குட்டையை எடுத்துக் கட்டிவிட்டார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்றிய கையுறை அங்கேயே கிடந்துவிட்டது.

"தேடினேன். காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்னு நினைச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "தினமும் காலையில எழுந்ததும் அவன் வீட்டுப் புகைபோக்கியைத்தான் பாப்பேன். சண்டைக்கு அப்புறமும் பாப்பேன். புகை வந்தா, சரி, ஆள் இருக்கான்னு தோணும். இப்பவும் பாக்கறேன். பழக்கம் போகல."

"படியேறி வரும்போது ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள் வெர்னா.

"ஹாலிஸ்னு கூப்பிட்டான். அவ்வளவுதான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்."

யார் போன் செய்வது என்ற கேள்வியை அவள் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஹாலிஸ் கத்தியை மடக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தார். சுவர்ப் போனை எடுத்து ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டு, போன தடவை சொன்னது தப்பு, வந்து எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கார் வர நேரமாகும் என்றார்கள். அவர் போய் மாடுகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். வெர்னா தலையசைத்தாள். ஜோஷு கேட்காமலே எழுந்து கூடப் போனான். ஜன்னல் வழியே பார்த்தபோது இருவரும் வைக்கோல் கட்டு ஒன்றை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஷெரிஃபின் கார் வந்து, ஹாலிஸை ஏற்றிக்கொண்டு போனபிறகு, வெர்னா வாசலிலிருந்தே ஜோலீனுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். உங்கள் அப்பா யாரையும் தாக்கப் போகவில்லை. ஒருவருக்குப் பரிசு கொடுக்கப் போனார். அந்த ஆளின் கைக்கு அளவெடுத்து, பனிக்காலம் பூராவும் உட்கார்ந்து, தானே செய்தது.

 ஜோலீன் அழப்போகிறாள் என்று நினைத்தாள் வெர்னா. அழவில்லை. கேட்டபோது குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அங்க... எனக்குன்னு ஏதாவது செஞ்சு வச்சிருந்தாரா?"

வெர்னா பட்டறையை மனதுக்குள் ஒரு தடவை சுற்றி வந்தாள். ஓஹாயோ, டெக்சஸ், மெய்ன். ஸ்போகேன் என்று எந்த உறையிலும் இல்லை. இழுப்பறைகள் எல்லாவற்றையும் அவளே திறந்து பார்த்திருக்கிறாள். ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல பொய்தான். ஜோஷு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். 

"இல்ல, ஜோலீன்," என்றாள். "நான் எல்லா இடத்திலயும் பார்த்தேன். இல்ல."



"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி," என்றாள் ஜோலீன். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது மறுபடி பேசினாள். "அந்த மனுஷரை எங்க வச்சிருப்பாங்க? ஹாலிஸை? பாக்க விடுவாங்களா?"

"எதுக்கு?"

"இத்தனை வருஷம் அப்பாவைத் தினமும் பார்த்துட்டிருந்தது அவர் ஒருத்தர்தானே. அவரைத்தான் கேக்கணும், எப்படி இருந்தார்னு."

ஷெரிஃப் அலுவலகம் இருக்கும் கோல்டருக்கு எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்று வெர்னா அவளுக்கு வழி சொல்லத் தொடங்கினாள்.